மணலி வரை வந்த கடல்

மணலியில் இருப்பவரிடம் போய் நீங்கள் கடற்கரையில் குடியிருக்கிறீர்கள் என்று சொன்னால் சிரிப்பார். கடல் கிழக்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் கால்வாய், ரயில் பாதை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை, அதற்கும் அப்பால் எக்ஸ்பிரஸ் சாலை. அலைச் சத்தம் கேட்காது, உப்புக் காற்றைவிட ஆலைகளின் வாசனைதான் முந்திக்கொண்டு வரும். அப்படிப்பட்ட ஊரில் கடற்கரைக்கென்று போட்ட சட்டத்துக்கு என்ன வேலை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கால்வாய் ஓரத்தில் மனை வாங்கியவர்கள், வீட்டுக்குப் பிளான் போட்டவர்கள், அனுமதிக்கு அலைந்தவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. எர்ணாவூர், சாத்தங்காடு பக்கமும் இதே பேச்சுதான்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் கடற்கரையை விட்டுவிட்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். நம்ம பக்கத்தில் கடல் கரையோடு நிற்பதில்லை. முகத்துவாரத்தில் நுழைந்து, கழியில் பரவி, வடக்கே பழவேற்காடு நோக்கியும், மேற்கே கொசஸ்தலை ஆற்றின் வழியாகவும், தெற்கே பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் உள்ளே வருகிறது. நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மக்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓதம் பார்த்துத்தான் அவர்கள் கழியில் இறங்குவார்கள். இறாலும் நண்டும் மடவையும் கடலிலிருந்து உள்ளே வந்து வளர்ந்து திரும்புவதும் அதே வழிதான்.

கால்வாய் விஷயம் இன்னும் சுவாரசியம். 1806ஆம் ஆண்டு வாக்கில் பேசில் காக்ரேன் என்பவர் சொந்த முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டினார். அன்றைக்கு அதன் பெயர் காக்ரேன் கால்வாய். 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே நெல்லூர்ச் சீமை தாண்டி நீட்டினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களை வைத்து அடையாறையும் கூவத்தையும் இணைத்து முடித்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அது குடிதண்ணீருக்கோ பாசனத்துக்கோ வெட்டிய கால்வாய் அல்ல. படகு மிதக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வேண்டிய தண்ணீரைக் கடலின் ஏற்றவற்றத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். உப்புத் தண்ணீர்க் கால்வாய் என்றே பதிவேடுகளில் இருக்கும். கடலை ஊருக்குள் கூட்டிவந்து கட்டிப்போட்ட மாதிரி.

அதில் விறகுப் படகுகள் வந்ததைப் பார்த்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் இன்னும் சிலர் இருப்பீர்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சவுக்கு விறகு, சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல், உப்பு என்று பேசின் பிரிட்ஜ் வரை வரும். வடசென்னை விறகுத் தொட்டிகளுக்கு அதுதான் வழி. 1965, 1966 புயல்களில் கால்வாய் சேதமாகி, பிறகு லாரிகளோடு போட்டி போட முடியாமல் படகுகள் நின்றன. படகு நின்றாலும் ஓதம் நிற்கவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1981 நவம்பரில் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எதுவும் வேண்டாம் என்பது சாரம். கடிதம் கடிதமாகவே இருந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1991 பிப்ரவரி 19ஆம் தேதி கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. எல்லாரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது இதைத்தான்.

500 மீட்டர் என்ற எண் மட்டும் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. "நம்ம வீடு கடல்லருந்து ரெண்டு கிலோமீட்டர், நமக்குக் கவலையில்லை" என்ற தைரியம் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அதே அறிவிக்கையில் ஆறு, கழி, காயல் பற்றி இன்னொரு வாசகம் இருந்தது. ஓதத்தின் பாதிப்பு எவ்வளவு தூரம் உள்ளே தெரிகிறதோ அவ்வளவு தூரமும் அந்த நீரின் இரு கரைகளும் மண்டலத்துக்குள் வரும். கரையிலிருந்து 100 மீட்டர், அல்லது அந்தக் கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. ஆக, கடலிலிருந்து ஒரு வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் தண்ணீரில் கடல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எழுதியவர்கள் புத்திசாலிகள்.

இந்த 100 மீட்டருக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1994 ஆகஸ்டில் மத்திய அரசு அதை 50 ஆகக் குறைத்தது. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு அந்தக் குறைப்பை ரத்து செய்தது. கூடவே, கடலோர மாநிலங்கள் எல்லாம் தங்கள் கரைக்கு வரைபடத்தோடு மேலாண்மைத் திட்டம் தர வேண்டும் என்று கெடு வைத்தது. ஐந்து வருஷம் சட்டம் இருந்தும் வரைபடம் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கோடு எங்கே என்று தெரியாமல் கோட்டைத் தாண்டாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதே வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு வந்தது. அதற்குக் காரணமானவர் நம் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா. கிருஷ்ணம்மாள் அம்மாவின் கணவர். கீழத்தஞ்சைப் பக்கம் இறால் பண்ணைக்காரர்கள் கடல் தண்ணீரைப் பம்பு வைத்து உள்ளே இழுத்து, நெல் வயலையும் குடிநீர்க் கிணற்றையும் உப்பாக்கியதை எதிர்த்து அவர் போட்ட வழக்கு. மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது நீதிமன்றம். சிலிகா ஏரிக்கும் நம் பழவேற்காடு ஏரிக்கும் 1,000 மீட்டர் சுற்றளவில் பண்ணையே கூடாது என்றும் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு இறால் வளர்ப்புக்கு வேறு வழி செய்து கொடுத்துவிட்டது. அந்தப் பெரியவர் அசராமல் 2013இல் கண் மூடும் வரை ஏழைகளுக்கு நிலம் என்றே பேசிக்கொண்டிருந்தார்.

ஓதத்தின் பாதிப்பு எதுவரை என்று எப்படிச் சொல்வது? 1991 அறிவிக்கையில் அளவுகோல் தெளிவாக இல்லை. 2011 ஜனவரி 6ஆம் தேதி வந்த புதிய அறிவிக்கை உப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. வருஷத்தில் மிக வறண்ட காலத்தில் தண்ணீரை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை கடல். கடல் தண்ணீரில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் உப்பைக் கரைத்தால் வருவதுதான் அந்த 5 பங்கு. நம் வீட்டு ரசத்தில் அதைவிட அதிகம் இருக்கும்.

உப்புக்கும் ஓதத்துக்கும் வித்தியாசம் உண்டு. கொல்கத்தாவைப் பாருங்கள். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் நகரம். ஆனால் ஹூக்ளியில் ஓதம் அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே ஏறி இறங்கும். தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீர், மேலேயிருந்து கங்கை தள்ளிக்கொண்டே வருகிறது. ஓதத்தைக் கேட்டால் அது கடலோர நகரம், உப்பைக் கேட்டால் உள்நாட்டு நகரம்.

நம் கதை நேர்மாறு. கொசஸ்தலையில் மேலேயிருந்து தள்ளத் தண்ணீர் இல்லை. 1944இல் பூண்டியில் அணை கட்டி, சென்னையின் குடிநீருக்குத் திருப்பிவிட்டோம். மழைக்கால வெள்ளத்தை விட்டால் முகத்துவாரத்துக்கு நல்ல தண்ணீர் வருவது அபூர்வம். தள்ள ஆள் இல்லாத வீட்டுக்குள் உப்பு தாராளமாக நுழையும். கால்வாயில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. கோடையில் அதில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. சாக்கடையில் உப்புக் குறைவு. அது அதிகமாகச் சேரச் சேர, அளந்து பார்க்கிறவரின் கருவியில் உப்பு குறையும். நாம் கால்வாயை அசுத்தப்படுத்துகிற அளவுக்குக் கடல் பின்வாங்கிவிட்டதாகக் காகிதத்தில் காட்டலாம் போலிருக்கிறது. முகத்துவாரம் மணல் மூடிப் போனாலும் இதே கதைதான். ஓதம் உள்ளே வராது, உப்பு குறையும், மீனும் செத்துப் போகும்.

சட்டம் பார்க்காத வழியும் ஒன்று உண்டு. அது பூமிக்கு அடியில். 1960களின் கடைசியில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது, அடுத்து உர ஆலை, பெட்ரோ ரசாயன ஆலைகள். இந்த ஆலைகளுக்கும் நகரத்துக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். விவசாயிகளும் எடுத்தார்கள். எடுத்த இடத்தைக் கடல் நிரப்பியது. மீஞ்சூரில் கிணற்றுத் தண்ணீர் கரித்துப் போய், பல கிலோமீட்டர் உள்ளே வரை வயலுக்குப் பாய்ச்ச முடியாமல் ஆனது. 500 மீட்டர், 100 மீட்டர் என்று டேப் வைத்து அளந்தால் இந்தக் கடல் அகப்படாது.

எண்ணூர்க் கழிக்குத் திரும்புவோம். இங்கேதான் விஷயம் சூடானது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது, அது 2017 மார்ச்சில் மூடும்வரை ஓடியது. 1990களில் கழிக்கு வடக்கே வடசென்னை அனல் மின் நிலையம். 2001 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் எண்ணூர்த் துறைமுகத்தைத் திறந்துவைத்தார், இப்போது அது காமராஜர் துறைமுகம். நிலக்கரி எரிந்தால் சாம்பல். சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் கழியைக் கடந்து போகிறது. குழாய் ஒழுகினால் சாம்பல் கழியில். ஆளை விழுங்கும் ஆழமாக இருந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கலாம் என்று குப்பத்துக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இத்தனைக்கும் 1996இல் உச்ச நீதிமன்றக் கெடுவுக்குப் பயந்து தயாரித்து, அந்தச் செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடம் இருந்தது. அதில் கழி, சதுப்பு, ஆற்று முகம் எல்லாம் சேர்ந்து சுமார் 6,500 ஏக்கர், மண்டலத்தின் முதல் வகையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்தது. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஆவணங்களைச் செயல்பாட்டாளர்கள் வெளியிட்டபோது வேறொரு வரைபடமும் கூடவே வந்தது. அதில் எண்ணூர்க் கழி இல்லை. சுருங்கிப் போயிருக்கவில்லை, இல்லவே இல்லை. ஓதம் ஏறி இறங்கும் ஆறு, காகிதத்தில் வெறும் தரையாகியிருந்தது. பத்திரப்பதிவில் ஒரு மனைக்கு இரண்டு பத்திரம் பார்த்திருக்கிறோம், ஆற்றுக்கு இரண்டு வரைபடம் பார்த்தது அப்போதுதான்.

அந்த வருஷம் எண்ணூர் செய்தியில் அடிபட்டுக்கொண்டே இருந்தது. ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் வெளியானது. மாதக் கடைசியில், 28ஆம் தேதி, துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று. அக்டோபர் 28ஆம் தேதி கமல்ஹாசன் வந்து சாம்பல் மேட்டைப் பார்த்துவிட்டுப் போனார். இதனால் எல்லாம் கழி சீராகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கழி என்று ஒன்று இருக்கிறது என்பது தி.நகர்க்காரர்களுக்கும் தெரிந்தது. 2022இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலை அகற்றிக் கழியைச் சீர்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது.

உள்நாட்டு ஊருக்கு இந்தச் சட்டம் வராது என்று இன்னும் நினைப்பவர்கள் கேரளத்து மரடை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். கொச்சியை ஒட்டிய அந்த நகராட்சிக்குத் திறந்த கடற்கரை கிடையாது. காயல்தான். காயலோரம் கட்டிய அடுக்குமாடிகள் மண்டல விதியை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை வெடி வைத்துத் தகர்த்ததை டி.வி.யில் நேரலையாகப் பார்த்தோம். சில விநாடிகளில் புழுதி. கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுமதி கொடுத்த கையெழுத்துகள் யாருடையவை என்பது அந்தப் புழுதியில் அவ்வளவாகத் தெரியவில்லை.

மரடுத் தீர்ப்புக்கு நாலு மாதம் முன்பு, 2019 ஜனவரி 18ஆம் தேதி, மூன்றாவது அறிவிக்கை வந்துவிட்டிருந்தது. ஆறு, கழிகளின் ஓரம் 100 மீட்டர் என்பது 50 ஆனது. 1996இல் நீதிமன்றம் எந்தக் குறைப்பை ரத்து செய்ததோ அதே எண், 23 வருஷம் கழித்து, குழு அறிக்கை, புதிய அறிவிக்கை என்று முறைப்படி திரும்பி வந்தது. என்னைக் கேட்டால் எண்ணூருக்கு இதுதான் பெரிய அடி. திறந்த கடற்கரையில் 500 மீட்டர் அப்படியே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மாற்றமில்லை. யாரும் போய்ப் பார்க்காத கழியோரத்தில்தான் பாதி போயிற்று.

இதை எழுதும்போது ராயபுரத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. அங்கே பிரச்சினை வேறு. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் தெற்கேயிருந்து வரும் மணல் தடைபட்டது. மெரினா அகலமாயிற்று, ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் தின்றது. கல் கொட்டி, தூண்டில் வளைவு போட்டு நிறுத்திவைத்திருக்கிறோம். அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் என்றால், அந்த எல்லையே நடந்து வருகிற ஊரில் எந்த வருஷத்து எல்லை?

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்தது. பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எர்ணாவூர் வழியாகக் கொசஸ்தலையில் சேர்ந்து, கழி முழுக்கப் பரவி, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனது. சுமார் 20 சதுர கிலோமீட்டரில் பரவியிருப்பதாகக் கடலோரக் காவல் படை சொன்னது. 2017இல் எண்ணெய் கடலிலிருந்து கரைக்கு வந்தது. இந்த முறை உள்ளூரிலிருந்து கடலுக்குப் போனது. எந்த வழியில் நாளைக்கு இரண்டு தடவை உப்பு உள்ளே ஏறுகிறதோ, அதே வழியில். அலையாத்திச் செடிகளின் தண்டில் கறுப்பாக ஒரு பட்டை. படகுகளின் விலாவிலும், எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவர்களிலும் அதே பட்டை. மீனவர்கள் பக்கெட்டும் மக்குமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறுப்புக் கோட்டை வரைபடக்காரர்கள் அப்போதே வந்து அளந்திருந்தால் சர்வே செலவு மிச்சமாகியிருக்கும்.

2019 அறிவிக்கைப்படி தமிழ்நாட்டுக்கான வரைபட வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்கு வந்தபோது கடலோர மாவட்டங்களில் மீனவர்கள் எழுந்து கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. எங்கள் ஊர் எங்கே, வலை காய வைக்கும் இடம் எங்கே, படகு ஏற்றிவைக்கும் மணல் எங்கே, இதில் காணோமே? வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்கலாம். மணலி, எர்ணாவூர், சாத்தங்காடு, கத்திவாக்கம் பக்கம் மனையோ வீடோ இருப்பவர்கள் சர்வே எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பார்க்கிறபோது உங்கள் மனையை மட்டும் தேடிவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் கால்வாய் நீல நிறத்தில் இருக்கிறதா, கழி முழுசாக இருக்கிறதா, அதையும் ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.